சுழிப்பே இல்லாத ஓட்டத்தில் லாம்டாத் துகள் எப்படிச் சாய்கிறது?

ஆற்றோரத்தான் (இழையைத் தொடங்கியவர்) | ஞாயிறு, காலை 7.40

பொறியியல் கல்லூரியில் இருபது ஆண்டுகளாகப் பாய்ம இயக்கவியல் நடத்துகிறேன். சுழிப்பு என்றால் என்ன என்று கேட்கும் மாணவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். ஆற்றில் ஒரு துரும்பைப் போடுங்கள். அது தன்னைத்தானே சுற்றிக்கொண்டு போனால் அந்த இடத்தில் சுழிப்பு உண்டு. திசை மாறாமல் மிதந்து போனால், ஆறே வட்டமடித்தாலும் சுழிப்பு இல்லை.

நியூயார்க் அருகே புரூக்ஹேவன் ஆய்வகத்தில் தங்க அணுக்கருக்களை மோதவிட்டு, அணுக்கருத் துகள்கள் உருகி அதில் பிறக்கும் குவார்க்-குளுவான் திரவம் நொடிக்கு 9×10²¹ என்ற அளவில் சுழிக்கிறது என்று 2017-இல் 'நேச்சர்' இதழில் அங்குள்ள ஸ்டார் ஆய்வுக் குழு எழுதியதைத் தாமதமாகத்தான் படித்தேன். சூறாவளியின் மையத்தில்கூட இந்த எண் ஒன்றுக்கும் குறைவு. இரண்டு நாளாக வேறு நினைப்பே இல்லை.

என் ஐயங்கள் இரண்டு. ஓர் அணுக்கருவின் அளவே உள்ள துளி. அதன் ஆயுளோ எண்ணிச் சொல்ல முடியாத அளவு குறைவு. அதில் துரும்பைப் போட்டது யார்? இரண்டாவது, அதன் பிறகு வந்த 'குறிச் சிக்கல்' என்ற செய்தி. கோட்பாடு ஒரு திசை சொல்ல, அளவீடு எதிர்த்திசை சொன்னதாம். பாய்மவியலே தோற்றுவிட்டதா? தெரிந்தவர்கள் பொறுமையாக எழுத வேண்டும். சமன்பாடு வந்தாலும் பரவாயில்லை.

அணுக்கருவாணன் | ஞாயிறு, காலை 10.15

ஐயா, துரும்பு என்ற உங்கள் சொல்லையே வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது உவமையைத் தாண்டி உண்மையாகவே பொருந்துகிறது. இங்கே துரும்பு லாம்டா என்னும் துகள். யாரும் வெளியிலிருந்து போடவில்லை. திரவம் குளிர்ந்து உறையும்போது அதிலிருந்தே பிறக்கிறது.

இரண்டு அணுக்கருக்கள் நேருக்கு நேர் மோதாமல் சற்று விலகி மோதினால், மோதும் பகுதியில் மிகப் பெரிய கோண உந்தம் தங்கிவிடும். குறைத்த பிளாங்க் மாறிலியை அலகாக வைத்தால் ஆயிரம் மடங்குக்கும் மேல். மேல்பாதி ஒரு பக்கம் இழுபடுகிறது, கீழ்பாதி மறுபக்கம். நடுவில் சுழிப்பு. அந்தச் சுழிப்பு, துகள்கள் இயல்பாகவே கொண்டிருக்கும் தற்சுழற்சியையும் (ஸ்பின்) தன் அச்சின் பக்கம் சற்றுச் சாய்க்கும் என்று 2005-இல் லியாங், வாங் என்ற இரு அறிஞர்கள் எழுதினார்கள். இதன் மூதாதை 1915-இல் பார்னெட் கண்ட விளைவு: காந்தமாகாத இரும்புத் தண்டை வேகமாகச் சுழற்றினால் அது காந்தமாகிறது. ஜப்பானியக் குழு ஒன்று பாதரசத்தை மெல்லிய குழாய் வழியே பாய்ச்சி, சுழிப்பால் எலக்ட்ரான்களின் தற்சுழற்சி சாய்வதை நானோவோல்ட் அளவிலான மின்னழுத்தமாகப் பிடித்துக் காட்டியது. அந்தக் கட்டுரை வந்தது 2016-இல். ஆக, திரவம் சுழித்தால் தற்சுழற்சி சாயும் என்பது அணுக்கரு உலகத்துக்கு மட்டும் உரிய புதுமை அல்ல.

லாம்டாவைத் தேர்ந்ததற்குக் காரணம் அதன் சாவு. சில சென்டிமீட்டர் ஓடியதும் புரோட்டானாகவும் பையான் என்ற துகளாகவும் உடைகிறது. இந்தச் சிதைவை நடத்தும் வலுகுன்றிய விசைக்கு இடமும் வலமும் ஒன்றல்ல. அதனால் புரோட்டான், லாம்டாவின் தற்சுழற்சி எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே சற்று அதிகமாகக் கிளம்பும். லாம்டாவின் எதிர்த்துகளான எதிர்-லாம்டாவில் இது தலைகீழ். தன் சாய்வைத் தானே எழுதிவைத்துவிட்டுப் போகும் துகள் என்று சொல்லலாம்.

எவ்வளவு நுணுக்கமான எழுத்து என்று பாருங்கள். முனைவாக்கம் (சாய்வின் அளவு) 1 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சிதைவின் சமச்சீரின்மை அளவு சுமார் 0.73. 10,000 லாம்டாக்களை எடுத்தால் 5,018 புரோட்டான்கள் மேலே போகும், 4,982 கீழே போகும். வேறுபாடு 36. ஆனால் தற்செயலாகவே அந்த வேறுபாடு 100 வரை ஆடும். ஐயமின்றிச் சொல்ல வேண்டுமானால் ஏறத்தாழ 20 லட்சம் லாம்டாக்கள் வேண்டும். அதுவும் 'மேலே' எது என்று ஒவ்வொரு மோதலிலும் துல்லியமாகத் தெரிந்தால்தான். அது துல்லியமாகத் தெரியாது. மோதலில் சிக்காமல் ஓரமாகப் பறந்துபோகும் நியூக்ளியான்கள் (புரோட்டான்கள், நியூட்ரான்கள்) எந்தப் பக்கம் விலகின என்று பார்த்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. அந்த ஊகத்தின் பிழையால் வேறுபாடு பாதியாக மங்கினால் தேவைப்படும் லாம்டா நான்கு மடங்காகும். 2007-இல் ஸ்டார் குழு முதலில் தேடியபோது '2 சதவீதத்துக்கு மேல் இல்லை' என்று மட்டுமே சொல்ல முடிந்தது. பத்து ஆண்டு கழித்து, குறைந்த ஆற்றல் மோதல்களின் தரவு வந்த பிறகுதான் கைக்குக் கிடைத்தது.

மறுதலை | ஞாயிறு, மதியம் 1.05

நண்பர் அழகாக எழுதியிருக்கிறார், ஆனால் எனக்கு இரண்டு தடைகள் உண்டு. லாம்டா சாய்ந்து பிறப்பது புதிதல்ல. 1976-இலேயே ஃபெர்மி ஆய்வகத்தில் 300 ஜிஇவி (துகள் ஆற்றலின் அலகு) புரோட்டான்களைப் பெரிலியத்தின்மேல் செலுத்தியபோது லாம்டாக்கள் முனைவாகி வந்தன. அங்கே திரவமும் இல்லை, சுழிப்பும் இல்லை. இப்போது பார்ப்பதும் அதுவே ஏன் ஆகக் கூடாது?

இரண்டு, மோதலின்போது பெரும் காந்தப்புலம் உண்டாகிறது. அது சுழிப்பின் அச்சுக்கு இணையாகவே இருக்கும். சாய்ப்பது காந்தப்புலம் அல்ல என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

அணுக்கருவாணன் | ஞாயிறு, மதியம் 2.30

இரண்டும் கேட்கத்தக்க கேள்விகள்.

1976-இன் சாய்வு ஒவ்வொரு லாம்டாவும் பறக்கும் திசைக்கும் கற்றைக்கும் செங்குத்தாக இருந்தது. லாம்டா வலப்பக்கம் போனால் சாய்வு ஒரு பக்கம், இடப்பக்கம் போனால் மறுபக்கம். எல்லாத் திசையிலும் கூட்டினால் அது அழிந்துவிடும். ஸ்டார் அளந்ததோ லாம்டா எந்தப் பக்கம் போனாலும் மோதலின் ஒரே அச்சை நோக்கிய சாய்வு. இன்னொன்று, ஃபெர்மி ஆய்வகத்தில் எதிர்-லாம்டாக்கள் முனைவாகவே இல்லை. இங்கே அவையும் லாம்டாக்களைப் போலவே சாய்ந்தன: 2017 கட்டுரையின் சராசரி லாம்டாவுக்கு 1.08 சதவீதம், எதிர்-லாம்டாவுக்கு 1.38 சதவீதம்.

காந்தப்புலத்துக்கும் விடை அங்கேயே இருக்கிறது. லாம்டாவின் காந்தத் திருப்புத்திறனும் எதிர்-லாம்டாவின் காந்தத் திருப்புத்திறனும் எதிரெதிர். புலம்தான் சாய்க்கிறது என்றால் இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் சாயும். சுழிப்பு அப்படி வேறுபாடு பார்ப்பதில்லை. இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தன. 1.08, 1.38 என்ற சிறு இடைவெளியைப் புலத்தின் தடம் என்று சிலர் நம்பினார்கள், பிறகு 19.6, 27 ஜிஇவி ஆற்றல்களில் பெருந்தரவுடன் அளந்தபோது பிரிவு எதுவும் தெரியவில்லை.

9×10²¹ எப்படி வந்தது என்று ஐயா கேட்கவில்லை, ஆனால் வகுப்பில் காட்டலாம். வெப்பநிலைச் சமநிலையில் முனைவாக்கம் என்பது சுழிப்பின் ஆற்றலுக்கும் வெப்ப ஆற்றலுக்கும் உள்ள விகிதத்தில் பாதி. உறையும் வெப்பநிலை, ஆற்றல் அலகில், 160 எம்இவி (ஜிஇவியில் ஆயிரத்தில் ஒரு பங்கு எம்இவி). அதைக் குறைத்த பிளாங்க் மாறிலியால் வகுத்தால் நொடிக்கு 2.4×10²³. இரண்டு முனைவாக்கங்களின் கூட்டுத்தொகையான 2.5 சதவீதத்தால் பெருக்கினால் 6×10²¹. வேறு துகள்கள் சிதைந்து வரும் லாம்டாக்களுக்கான திருத்தம் போன்றவை சேர்ந்தால் இன்னும் ஏறும். கட்டுரையிலேயே இந்த எண்ணுக்கு இரண்டு மடங்கு ஐயம் சொல்லியிருக்கிறார்கள். இலக்கத்தைப் பிடித்துக்கொள்ளாமல் 10-இன் அடுக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சொற்கிழார் | ஞாயிறு, மாலை 5.10

குறுக்கிடுவதற்குப் பொறுத்தருள்க. 'முனைவாக்கம்' என்பது பள்ளி நூல்களில் ஒளிக்கும் மின்காப்புப் பொருளுக்கும் வருகிறது. இங்கே தற்சுழற்சிகள் ஒரு பக்கமாகத் திரும்புவதைத்தானே சொல்கிறீர்கள்? 'சாய்வு' என்ற சொல்லையே தொடர்ந்து ஆண்டால் என்னைப் போன்றோருக்குப் புரிகிறது.

ஆற்றோரத்தான் | ஞாயிறு, இரவு 9.20

சொற்கிழார் ஐயா சொன்னது சரி, நானும் 'சாய்வு' என்றே எழுதுகிறேன்.

முதல் ஐயம் தீர்ந்தது. ஆனால் ஒன்று இடிக்கிறது. ஆற்றல் கூடினால் கோண உந்தமும் கூடும். சாய்வும் கூட வேண்டாமா? 3 ஜிஇவி மோதலில் ஏறக்குறைய 5 சதவீதம், 200 ஜிஇவியில் கால் சதவீதம், ஜெனிவாவின் எல்ஹெச்சி துகள்முடுக்கியில் பிழை எல்லைக்குள் பூஜ்யம் என்று படித்தேன். தலைகீழாக அல்லவா இருக்கிறது?

நிலாக்கணக்கு | திங்கள், காலை 6.50

வணக்கம். நான் கோட்பாட்டுப் பக்கம் ஆய்வு செய்யும் மாணவி. இதற்கு விடை ஐயாவின் பாடத்திலேயே இருக்கிறது. சுழிப்பு என்பது மொத்தக் கோண உந்தம் அல்ல, வேகம் இடத்துக்கு இடம் எவ்வளவு மாறுகிறது என்பது. ஆற்றல் மிக அதிகமானால் அணுக்கருக்கள் ஒன்றையொன்று ஊடுருவிப் போய்விடுகின்றன. கோண உந்தத்தின் பெரும்பகுதியைக் கற்றையின் இரு முனைகளுக்கும் கொண்டுபோய்விடுகின்றன. நாம் பார்க்கும் நடுப்பகுதி ஏறத்தாழ எங்கும் ஒரே மாதிரி விரிகிறது. அங்கே வேக வேறுபாடு குறைவு. திரவம் நீண்ட நேரம் வாழ்வதாலும் இருந்த சுழிப்பு நீர்த்துப்போகிறது. குறைந்த ஆற்றலில் அணுக்கருக்கள் நின்று மோதுகின்றன, முழுத் துளியும் திரும்புகிறது.

இந்த இறங்குமுகத்தைப் பாய்மக் கணிப்புகள் நன்றாகவே காட்டின. ஃபுளோரன்ஸில் பெக்காத்தீனியும் அவருடன் பணியாற்றியவர்களும் எழுதிய வாய்பாடுதான் அடிப்படை: உறையும் பரப்பில் வெப்பச் சுழிப்பைக் கணக்கிடு, அதற்கு விகிதசமமாக லாம்டா சாயும். வெப்பச் சுழிப்பு என்பது திசைவேகத்தை வெப்பநிலையால் வகுத்துவிட்டு எடுக்கும் சுழிப்பு. எல்லோரும் மகிழ்ந்திருந்த நேரத்தில்தான் 2019 வந்தது.

நிலாக்கணக்கு | திங்கள், காலை 7.30

முந்தைய பதிவின் தொடர்ச்சி.

விலகி மோதும்போது மோதும் பகுதி பாதாம் பருப்பு வடிவில் இருக்கும். அதன் குறுக்குவாக்கில் அழுத்தச் சரிவு அதிகம் என்பதால் திரவம் அந்தப் பக்கம் வேகமாக விரியும், நெடுக்குவாக்கில் மெதுவாக. இதனால் கற்றையின் திசையையே அச்சாகக் கொண்ட சிறு சுழிப்புகள் நான்கு கால்வட்டங்களிலும் மாறி மாறி வர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. லாம்டா பறக்கும் கோணத்தை இரட்டித்து அதன் சைனை எடுத்தால் வரும் வடிவம் அது. 200 ஜிஇவி தங்க மோதல்களில் ஸ்டார் அளந்தபோது அந்த வடிவம் அப்படியே வந்தது. ஆனால் வெப்பச் சுழிப்பு வாய்பாடு எந்தக் கால்வட்டத்தில் நேர்க்குறி சொன்னதோ அங்கே எதிர்க்குறி. எல்ஹெச்சியில் ஆலிஸ் என்ற ஆய்வுக் குழு அளந்தபோதும் ஸ்டார் சொன்ன குறியே வந்தது. அளவைக் குறைத்துச் சொன்னால் ஏதாவது திருத்தம் விட்டுப்போயிற்று எனலாம். வடிவம் சரியாக வந்து குறி மட்டும் புரண்டால், வாய்பாட்டில் ஓர் உறுப்பே காணவில்லை என்று பொருள்.

ஆற்றோரத்தான் | திங்கள், இரவு 10.45

அம்மா, மாலை முழுவதும் தாளும் பேனாவுமாக இருந்தேன். எனக்குக் குறி போகட்டும், வடிவம் ஏன் வந்தது என்பதே விளங்கவில்லை.

நீங்கள் சொன்ன விரிவை எளிமையாக்கினேன். குறுக்குவாக்கில் திசைவேகம் 'க' மடங்கு தூரம், நெடுக்குவாக்கில் 'ங' மடங்கு தூரம். க பெரிது, ங சிறிது. இதன் சுழிப்பு என்ன? பூஜ்யம். ஒவ்வொரு புள்ளியிலும் பூஜ்யம். இரண்டாம் ஆண்டு மாணவன்கூட ஒரே வரியில் காட்டிவிடுவான். துரும்பு சுற்றாத ஓட்டத்தில் லாம்டா மட்டும் எப்படிச் சாய்கிறது?

மறுதலை | செவ்வாய், காலை 8.00

இதைத்தான் நான் கேட்க நினைத்தேன். சுழிப்பே இல்லாத இடத்தில் சுழிப்பின் தடம் என்று ஒன்றை அளக்கிறார்கள் என்றால், முதல் அளவீட்டின் விளக்கத்தையும் மறுபடி பார்க்க வேண்டாமா?

நிலாக்கணக்கு | செவ்வாய், மாலை 6.20

ஐயாவின் கணக்கு சரி. மெய்யான ஓட்டம் இவ்வளவு எளிமையாக இராது. ஒளிவேகத்தை நெருங்கும் ஓட்டம், விளிம்பு உண்டு, அதனால் கொஞ்சம் சுழிப்பு வரும். வெப்பநிலைச் சரிவும் வெப்பச் சுழிப்புக்குள் நுழைகிறது. ஆனால் உங்கள் எளிய ஓட்டத்தில் மிஞ்சி நிற்பது எது என்று பாருங்கள்: ஒரு வாக்கில் கூடுதலாக இழுபடுவது. அதாவது சறுக்குப் பெயர்ச்சி வீதம். 'க'வுக்கும் 'ங'வுக்கும் உள்ள வேறுபாடு அது.

2021 வரை, சமநிலையை ஒட்டிய பாய்மத்தில் சறுக்குப் பெயர்ச்சி தற்சுழற்சியைத் தொடாது என்று எல்லோரும் இருந்துவிட்டோம். அந்த ஆண்டு இரண்டு குழுக்கள் தனித்தனியாக அந்த உறுப்பைக் கண்டன: ஒரு பக்கம் பெக்காத்தீனி, புட்ஸேகோலி, பலெர்மோ, மறுபக்கம் லியூ, யின். லாம்டாவின் உந்தத்தை இரண்டு முறையும் சறுக்குப் பெயர்ச்சியை ஒரு முறையும் பெருக்கிவரும் உறுப்பு. உங்கள் ஓட்டத்தில் இட்டால் குறுக்கு உந்தம், நெடுக்கு உந்தம், (க − ங) மூன்றின் பெருக்கல். உந்தங்கள் இரண்டின் பெருக்கல் என்பது இருமடங்குக் கோணத்தின் சைன்தான். முழு வாய்பாட்டில் குறியும் ஸ்டார் கண்ட குறி.

ஆற்றோரத்தான் | செவ்வாய், இரவு 11.30

தூக்கம் போய்விட்டது. இதை நான் முன்பே பார்த்திருக்கிறேன்!

துரும்பு என்று சொல்லும்போது மனத்துக்குள் உருண்டையான ஒன்றைத்தான் வைத்திருந்தேன். உருண்டைக்குச் சுழிப்பு மட்டுமே தெரியும். ஆனால் மெல்லிய குச்சியைப் போட்டால்? சுழிப்பே இல்லாத, ஒரு வாக்கில் இழுபடும் ஓட்டத்தில்கூடக் குச்சி திரும்பும். இழுபடும் வாக்கை நோக்கித் தன்னைத் திருப்பிக்கொள்ளும். 1922-இல் ஜெஃப்ரி நீள்வட்டத் துகளுக்குச் செய்த கணக்கு. குச்சி திரும்பும் வீதம் (க − ங)-இல் பாதி, பெருக்கல் குச்சியின் இருமடங்குக் கோணத்தின் சைன். அதே வடிவம்! குச்சி அச்சின் மேலேயே கிடந்தால் திரும்பாது. எல்லாக் கோணத்திலும் குச்சிகளைத் தூவிச் சராசரி எடுத்தால் பூஜ்யம்.

அப்படியானால் நிலையாக நிற்கும் லாம்டா உருண்டை, ஓடும் லாம்டா குச்சி. உந்தம்தான் அதற்கு நீளம் கொடுக்கிறது. இப்படிச் சொல்லலாமா?

நிலாக்கணக்கு | புதன், காலை 7.05

ஐயா, வடிவத்துக்கு இதைவிட நல்ல ஒப்புமையை நான் எந்த விரிவுரையிலும் கேட்டதில்லை. திரவத்தோடு சேர்ந்து நகரும், தனக்கென உந்தம் இல்லாத லாம்டாவை இந்த உறுப்பு தொடாது. எல்லாத் திசையிலும் கூட்டினால் அழிந்துவிடும். மறுதலை அவர்களின் கேள்விக்கும் இதிலேயே விடை: திசைகளைக் கூட்டி அளந்த 2017-இன் ஒட்டுமொத்தச் சாய்வை இந்த உறுப்பு ஏறத்தாழ அசைப்பதே இல்லை. அந்த விளக்கம் அப்படியே நிற்கிறது.

ஓர் எச்சரிக்கை. குறியைக் குச்சியிலிருந்து எடுக்காதீர்கள். முதல் கால்வட்டத்தில் குச்சி கடிகார முள்ளின் திசையில் திரும்பும். லாம்டாவின் சாய்வு அதற்கு எதிர்ப்பக்கம். குச்சி திரும்புவது பாகுநிலை இழுப்பால். லாம்டாவின் சாய்வு, உந்தத்தோடு பிணைந்த குவாண்டம் விளைவு. அது நேரத்தில் திரும்பும் வீதமும் அல்ல. குறிக்கு முழு வாய்பாட்டுக்குத்தான் போக வேண்டும்.

அணுக்கருவாணன் | புதன், காலை 9.40

மகிழ்ச்சியான இடம்தான், ஆனால் சிக்கல் தீர்ந்தது என்று எழுதிவிட வேண்டாம் என்பது என் வேண்டுகோள். சறுக்குப் பெயர்ச்சியைச் சேர்த்தாலும் வெப்பநிலைச் சரிவின் பங்கு எதிர்ப்பக்கம் இழுத்து விடையைக் கெடுக்கிறது. அதைத் தாண்ட இரண்டு வழி சொன்னார்கள். உயர் ஆற்றலில் உறையும் பரப்பு முழுவதும் ஒரே வெப்பநிலை, ஆகவே வெப்பநிலைச் சரிவை வாய்பாட்டில் நுழைக்கவே கூடாது என்கிறது ஃபுளோரன்ஸ் குழு. லாம்டாவின் தற்சுழற்சி அதனுள் இருக்கும், குவார்க் வகைகளுள் ஒன்றான விந்தைக் குவார்க்கிடமிருந்து வந்தது, ஆகவே கணக்கில் குவார்க்கின் நிறையை இடு என்கிறது மற்றக் குழு. இரண்டிலும் குறி சரியாகிறது. லாம்டாவின் சொந்த நிறையை இட்டு, சரிவையும் வைத்துக்கொண்டால் மறுபடி புரள்கிறது.

விடை தெரிந்த பிறகு செய்த தேர்வு எனக்கு மனநிறைவு தரவில்லை. உறைவதற்கு முன் குவார்க்கின் தற்சுழற்சி சமநிலைக்கு வர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதே முதன்மையான கேள்வி. இரண்டு தரப்பும் அதைக் கணக்கிடாமல் ஊகித்துக்கொள்கின்றன.

மறுதலை | புதன், காலை 11.15

இதை வரவேற்கிறேன். எந்த அளவீடு இந்த இரண்டில் ஒன்றைத் தள்ளும்?

அணுக்கருவாணன் | புதன், மதியம் 1.50

சில வந்துவிட்டன. ருத்தேனியம், சிர்க்கோனியம் மோதல்களில் முக்கோண வடிவ விரிவுக்கும் அதே மாதிரி சாய்வு வருவதை ஸ்டார் காட்டியது. விரிவின் வடிவத்தைச் சாய்வு பின்தொடர்கிறது என்பதற்கு அது நல்ல சான்று. எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, தற்சுழற்சியைத் திரவத்தின் அடிமையாக வைக்காமல் தனிச் சமன்பாட்டோடு நடத்தும் முயற்சி. கிராக்கோவில் ஃப்ளோர்கோவ்ஸ்கியும், புவனேஸ்வரத்தில் இருக்கும் ஜெய்ஸ்வாலும் மற்றவர்களும் 2018 முதல் எழுதிவரும் தற்சுழற்சிப் பாய்மவியல் அது.

ஃபை மீசான் என்ற இன்னொரு துகளின் கதையும் உண்டு. அதன் தற்சுழற்சி எந்தப் பக்கமும் சாராவிட்டால் ஓர் அளவு சரியாக மூன்றில் ஒரு பங்காக இருக்க வேண்டும். 2023-இல் ஸ்டார் சுமார் 0.35 என்றது. சுழிப்பால் இவ்வளவு விலக்கம் வரவே வராது, அதன் பங்கு பல நூறு மடங்கு சிறிது. அதைத் தனி இழையாகத் தொடங்கலாம்.

ஆற்றோரத்தான் | புதன், இரவு 8.30

தற்சுழற்சிக்குத் தனிச் சமன்பாடு என்றதும் எனக்கு 1966-இல் எரிங்கன் எழுதிய நுண்துருவப் பாய்மக் கோட்பாடு நினைவுக்கு வந்தது. திரவப் படிகம், இரத்தம் போன்றவற்றில் உள்ளே இருக்கும் துகள்கள் திரவத்தின் சுழிப்பிலிருந்து மாறுபட்ட வேகத்தில் தாமாகச் சுழலலாம். அதற்குத் தனிக் கோண உந்தச் சமன்பாடு, தகைவின் சமச்சீரற்ற பகுதி வழியே இரண்டுக்கும் கொடுக்கல் வாங்கல். நூலகத்தில் தூசி படிந்து கிடக்கிறது. அதே கட்டமைப்பா?

நிலாக்கணக்கு | புதன், இரவு 10.10

அதே கட்டமைப்பு, ஐயா. ஆற்றல்-உந்தத் தகைவின் சமச்சீரற்ற பகுதி எவ்வளவோ அவ்வளவு கோண உந்தம் ஓட்டத்திலிருந்து தற்சுழற்சிக்கு மாறும். எங்களுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை: ஒளிவேகத்தை ஒட்டிய குவாண்டம் கோட்பாட்டில் எது ஓட்டத்தின் கோண உந்தம், எது தற்சுழற்சியினுடையது என்று பிரிப்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழி இருக்கிறது, பிரிக்கும் வழிக்கேற்ப விடை மாறுகிறதா என்ற வழக்கு இன்னும் நடக்கிறது. எரிங்கனின் நூலைத் தூசி தட்டி எடுங்கள். தற்சுழற்சியும் சுழிப்பும் ஒன்றோடொன்று ஒத்துப்போக ஆகும் நேரத்தை அவர்கள் எப்படி அளந்தார்கள் என்று அறிய விரும்புகிறேன்.

ஆற்றோரத்தான் | வியாழன், மாலை 6.00

நூலை எடுத்துவிட்டேன், அம்மா. வார இறுதியில் எழுதுகிறேன்.

இன்று வகுப்பில் அகலமான தட்டில் நீர் ஊற்றி, இரு ஓரங்களிலும் துளையிட்ட குழாயால் மெல்ல இழுத்து, நடுவில் கடுகையும் உடைத்த ஈர்க்குச்சித் துண்டுகளையும் தூவினேன். கடுகு சுற்றாமல் மிதந்து போயிற்று. குச்சிகள் எல்லாம் மெதுவாக ஒரே வாக்குக்குத் திரும்பின. பிறகு கரும்பலகையில் நான்கு கால்வட்டம் வரைந்து, குச்சியை விட்டுவிட்டு, நீங்கள் தந்த வாய்பாட்டில் குறியிட்டோம். நேர், எதிர், நேர், எதிர். ஸ்டார் குழுவின் வரைபடத்தை அதற்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தேன். பின்வரிசையில் ஒரு மாணவி எழுந்து, லாம்டாவுக்குப் பதிலாக அதைவிடக் கனமான துகளை எடுத்தால் குச்சி நீளமாகுமா குட்டையாகுமா என்று கேட்டாள். விடை சொல்ல எனக்கு ஒரு நாள் வேண்டும் என்றேன்.

நிலாக்கணக்கு | வியாழன், இரவு 7.25

அதே உந்தத்தில் கனமான துகள் மெதுவாக ஓடும், ஆகவே குட்டையாகும் என்று சொல்லுங்கள். குவார்க்கின் நிறையை இட்டால் சறுக்குப் பெயர்ச்சி வெல்வதும், லாம்டாவின் நிறையை இட்டால் தோற்பதும் அதனால்தான். அந்த மாணவி கேட்டது அணுக்கருவாணன் அண்ணா புதன்கிழமை சொன்ன வழக்கையேதான்.

அணுக்கருவாணன் | வியாழன், இரவு 9.00

ஐயா, அந்தத் தட்டை ஒளிப்படம் எடுத்து இங்கே ஏற்றுங்கள். குச்சிகள் திரும்புவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று.